எம்3 துளையில் மரை இல்லை: சீனாவில் அலுமினியப் பாகம் செய்து வாங்குவது பற்றி

ஸ்டெப் கோப்பில், அதாவது பாகத்தின் முப்பரிமாண வடிவத்தைத் தாங்கும் கணினிக் கோப்பில், பொதுவாகத் திருகு மரை இருக்காது. எம்3 மரைக்காக (3 மி.மீ. திருகுக்கானது) வடிவமைப்பாளர் வைத்த துளை அந்தக் கோப்பில் பெரும்பாலும் வெறும் 2.5 மி.மீ. துளையாகத்தான் இருக்கும். கோப்பை மட்டும் அனுப்பி "200 வேண்டும், விலை சொல்லுங்கள்" என்று கேட்டால், சில வாரங்களில் 200 பாகங்கள் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் எட்டுத் துளை, எட்டும் மொழுமொழுவென்று. பட்டறைக்காரர் ஏமாற்றவில்லை, கொடுத்ததைச் செய்திருக்கிறார். தென்சீனத் தொழில் நகரங்களான டோங்குவானிலும் ஷென்ஜெனிலும் பாகம் செய்து வாங்குவோர் படும் அவதியில் பெரும்பங்கு இந்த ரகம்தான். டிராயிங் எங்கே வாய் திறக்கவில்லையோ அங்கே பட்டறைக்கு எது மலிவோ அது நடக்கும்.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். சிறிய கியர் மோட்டாருக்கான கூடு: வெளி அளவு 120 × 80 × 30 மி.மீ., உள்ளே 25 மி.மீ. ஆழக் குழி, 608 பேரிங் உட்காரும் இரண்டு இருக்கைகள், எட்டு எம்3 மரைகள், மேலே கறுப்பு ஹார்டு அனோடைசிங், அதாவது மின்வேதி முறையில் ஏற்றும் கடினமான ஆக்சைடுப் பூச்சு. எண்ணிக்கை 200. செய்வது டோங்குவானின் சாங்ஆன் பகுதியில் ஒரு பட்டறை. வாங்குவது கோவையில் ஒரு சிறு நிறுவனம்.

இருபது துண்டுக்குள் வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கணபதியிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ நல்ல விஎம்சி (கணினி இயக்கும் மில்லிங் இயந்திரம்) வைத்திருக்கும் ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம். மில்லிங்கைப் பொறுத்தவரை நம் ஊர் பட்டறைகள் இளைத்தவை அல்ல. ஒரே நிறத்தில், கீறல் இல்லாமல், சொன்ன தேதியில் 200 துண்டுக்கு அனோடைசிங் முடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொதிந்து தரும் இடம் கிடைப்பதுதான் இங்கே கடினம். டோங்குவானில் மில்லிங் பட்டறையும், அனோடைசிங் தொட்டியும், பொதி கட்டும் நுரைக்காரரும் அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். அங்கே போவதற்கு உண்மையான காரணம் இதுதான். கூலி மலிவு என்பது பழைய கதை.

உலோகத்தின் பெயர்

டிராயிங்கில் "அலுமினியம்" என்று மட்டும் எழுதுவது, கடையில் "அரிசி கொடுங்கள்" என்பது போல. நம் கூட்டுக்கு வேண்டியது 6061 என்ற கலவை, அதிலும் டி651 என்ற பதம். டி6 என்றால் சூடாக்கிக் குளிரவைத்து முதிரவிட்டது. அந்த 51 என்பது அதற்கிடையே தகட்டை இழுத்து உள்ளிறுக்கத்தைத் தளர்த்தியது. இந்த வேறுபாடு காகிதத்தில் சிறியது. 30 மி.மீ. கட்டியில் 25 மி.மீ. ஆழத்துக்குத் தோண்டும்போது பெரியது. இறுக்கம் தளராத கட்டியைக் கிளாம்பிலிருந்து கழற்றியவுடன் கூடு வாழையிலை போல வளையும். இயந்திரத்தில் இருக்கும்போது அளவு சரியாகவே காட்டும் என்பதால் பட்டறைக்காரரும் சத்தியம் செய்வார். முதலில் அரை மி.மீ. மிச்சம் வைத்து முரட்டு வெட்டு, பிறகு கழற்றி இளைப்பாறவிட்டு, மென்மையாகப் பிடித்து இறுதி வெட்டு என்ற வரிசையை விலை பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

6061 கேட்ட இடத்தில் 6063 என்ற வேறு கலவை வருவதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, அனோடைசிங்கும் 6063-இல் அழகாகவே ஏறும். ஆனால் வலு குறைவு: 6061-டி6 ஏறத்தாழ 95 பிரினெல் கடினம், 6063-டி5 சுமார் 60. பிடிபடும் இடம் செம்பு. 6061-இல் செம்பு 0.15 முதல் 0.40% வரை இருக்க வேண்டும், 6063-இல் 0.10%-ஐத் தாண்டக் கூடாது. ஒரு துண்டின் பூச்சைச் சுரண்டிவிட்டு, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தீப்பொறி நிறமாலைச் சோதனைக்குக் கொடுத்தால் விடை தெரிந்துவிடும். பட்டறை அனுப்பும் மெட்டீரியல் சான்றிதழ் உருக்காலையின் பெயரும் ஹீட் எண்ணும் (உருக்கிய தொகுதியின் எண்) உள்ள இஎன் 10204-3.1 வகையாக இருக்கட்டும். வெறும் லெட்டர்ஹெட்டில் "6061 என உறுதி அளிக்கிறோம்" என்று வரும் தாளுக்கு மதிப்பில்லை.

டிராயிங்

ஸ்டெப் கோப்போடு ஒரு பிடிஎஃப் டிராயிங் கண்டிப்பாகப் போக வேண்டும். வடிவத்துக்கு ஸ்டெப், டாலரன்ஸுக்கும் (அளவில் அனுமதிக்கும் பிசகு) மரைக்கும் பூச்சுக்கும் பிடிஎஃப், இரண்டும் முரண்பட்டால் பிடிஎஃப் சொல்வதே முடிவு என்று டிராயிங்கிலேயே ஒரு வரி இருக்கட்டும். பாகத்தின் பக்கத் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதில் இந்தியாவிலும் சீனாவிலும் முதல் கோண வீழல் வழக்கம். அமெரிக்க மென்பொருள் வார்ப்புருவில் தொடங்கிய டிராயிங் மூன்றாம் கோணத்தில் வெளிவரும். எந்தக் கோணம் என்று காட்டும் கூம்புக் குறியை வைக்க மறந்தால் இடமும் வலமும் மாறிய கூடு வரலாம். வந்தபின் அது காகிதத்தின் மேல் வைக்கும் கனம்தான்.

அடுத்தது டாலரன்ஸ். எல்லா அளவுக்கும் ±0.01 என்று போடுவது பயத்தில் செய்யும் வேலை. பட்டறைக்காரர் அதைப் பார்த்ததும் விலையை ஏற்றுவார், அல்லது சிரித்துவிட்டுத் தன் வழக்கப்படி செய்வார். இரண்டாவதே மோசம், ஏனென்றால் எந்த அளவு உண்மையில் முக்கியம் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். பொது அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768-எம் என்று ஒரே வரி போதும். அதன்படி 6 முதல் 30 மி.மீ. வரை ±0.2, 30 முதல் 120 வரை ±0.3. கூட்டின் வெளி நீளம் 120.3 ஆக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. முக்கியமானவை நான்கைந்துதான்: இரண்டு பேரிங் இருக்கைகளின் விட்டம், அவற்றுக்கிடையே உள்ள மைய தூரம், அவை செங்குத்தாக நிற்கும் தன்மை, மூடி உட்காரும் முகத்தின் சமதளம். இவற்றுக்கு மட்டும் இறுக்கமான அளவு கொடுத்துக் கட்டம் கட்டிக் காட்டுங்கள்.

மூலைகளைப் பற்றி வடிவமைப்பாளர்கள் கவலைப்படுவதே இல்லை. சுழலும் கட்டர் வட்டமானது, உள்மூலையைச் சதுரமாக வெட்ட அதனால் முடியாது. 25 மி.மீ. ஆழக் குழிக்கு மூலை ரேடியஸ் 1 மி.மீ. என்று போட்டால் 2 மி.மீ. கட்டர் தன் விட்டத்தைப் போல பன்னிரண்டரை மடங்கு நீட்டி நிற்க வேண்டும். அது நடுங்கும், உடையும், மூலையில் வரிவரியாகத் தடம் விடும், நேரமும் தின்னும். ஆழம் கட்டர் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் வேலை நிம்மதி. 8 மி.மீ. கட்டருக்கு ரேடியஸைச் சரியாக 4 என்று போடாமல் 4.5 என்று போடுங்கள். கட்டர் மூலையில் நின்று உரசாமல் உருண்டு போகும். இந்த ஒரு மாற்றமே சில பாகங்களில் விலையைக் கண்ணுக்குத் தெரியக் குறைத்துவிடும்.

மரைக்கு எம்3×0.5-6எச், முழு மரை ஆழம் 6 மி.மீ., துளை ஆழம் 8.5 மி.மீ. என்று மூன்றையும் எழுத வேண்டும். முட்டுத் துளையின் அடிவரை டேப் போகாது. துளைக்கும் மரைக்கும் ஒரே ஆழம் போட்டால் டேப் உடையும், அல்லது மரை குறையும். அடிக்கடி கழற்றி மாட்டும் இடமென்றால் அலுமினிய மரை தேய்ந்துவிடும். அங்கே எஃகுச் சுருள் இன்சர்ட் கேளுங்கள். இன்சர்ட்டுக்கு வேறு டேப், பெரிய துளை என்பதால் இது பின்னால் சேர்க்கக்கூடிய சங்கதி அல்ல. கடைசியாகப் பிசிறு. "எல்லா விளிம்பும் 0.2 முதல் 0.4 மி.மீ. முறிக்கவும்" என்ற வரி இல்லாவிட்டால் வெளி விளிம்பு மட்டும் வழவழப்பாக வரும், குறுக்குத் துளைகள் சந்திக்கும் இடத்தில் பிசிறு அப்படியே நிற்கும். அது பின்னாளில் உதிர்ந்து பேரிங்குக்குள் போகும்.

கறுப்புப் பூச்சு

பணம் அதிகம் வீணாகும் இடம் இதுதான். அனோடைசிங்கைப் பெயின்ட் போலப் பார்ப்பதுதான் தவறு. அலுமினியமே ஆக்சைடாக மாறுகிறது. ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது, ஒரு பங்கு வெளியே வளர்கிறது. ஹார்டு அனோடைசிங்கில் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. 50 மைக்ரான் பூச்சென்றால் ஒவ்வொரு பரப்பும் 25 மைக்ரான் வெளியே வளரும். துளையின் விட்டம் இரு பக்கமும் சேர்த்து 50 மைக்ரான் சுருங்கும்.

608 பேரிங்கின் வெளி விட்டம் 22 மி.மீ. அதற்கான இருக்கை, எச்7 என்ற துல்லிய வகுப்பில், 22.000 முதல் 22.021 வரை. பட்டறை அழகாக 22.015-இல் வெட்டி, அளந்து, அறிக்கையும் எழுதிவிடும். பிறகு துண்டு தொட்டிக்குப் போகும். திரும்பும்போது துளை 21.965. பேரிங் உள்ளே போகாது. சுத்தியல் எடுத்தால் போகும், ஆனால் சுழலாது. அறிக்கை பொய்யல்ல, அது பூச்சுக்கு முந்தைய அளவு, அவ்வளவுதான். எனவே "எல்லா அளவுகளும் பூச்சுக்குப் பின்" என்ற வரி டிராயிங்கில் இருக்க வேண்டும். கூடவே இருக்கையை என்ன செய்வது என்றும் முடிவெடுக்க வேண்டும். சிலிகான் அடைப்பான் வைத்துப் பூச்சு படாமல் காக்கலாம். 50 மைக்ரான் பெரிதாக வெட்டிவைத்துப் பூச்சால் சுருங்கவிடலாம், ஆனால் பூச்சின் கனம் தொட்டிக்குத் தொட்டி மாறுவதால் எச்7 பிடிப்பது திண்டாட்டம். பூச்சுக்குப் பின் மறுபடி இயந்திரத்தில் ஏற்றி வெட்டுவது விலை கூடியது, துல்லியமும் கூடியது. 200 துண்டுக்கு முதல் வழியே போதும். அடைப்பான் வைப்பது கைவேலை என்பதால் துண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் கேட்பார்கள்; கொடுத்துவிடுங்கள்.

மரையில் இந்தக் கணக்கு இன்னும் கொடியது. 60 பாகை மரையில் பரப்பு வளர்ச்சியைப் போல நான்கு மடங்கு மரையின் பிட்ச் விட்டத்தில் (மரையின் சரிவுகளின் நடுவில் அளக்கும் விட்டம்) தெரியும். 25 மைக்ரான் வளர்ச்சி 100 மைக்ரானாகிறது. எம்3-6எச் மரைக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியே 2.675 முதல் 2.775 வரை, அதாவது 100 மைக்ரான். முழுவதும் போச்சு. எட்டுத் துளையையும் அடைக்கச் சொல்ல வேண்டும். அடைக்காமல் வந்தால் மறுபடி டேப் விட வேண்டியிருக்கும், அது எவ்வளவு கடினமான பூச்சு என்பது டேப் மழுங்கும்போது புரியும். துளைக்குள் தங்கிய அமிலம் சரியாகக் கழுவப்படாவிட்டால் சில நாளில் வெள்ளையாக வழிந்து கறுப்பின்மேல் கோடு போடும்.

வெறும் கறுப்பழகு மட்டும் போதுமென்றால் ஹார்டு வேண்டாம். 10 முதல் 15 மைக்ரான் டைப் 2 அனோடைசிங் மலிவு, நிறமும் சீராக வரும். அனோடைஸ் செய்த பரப்பில் மின்சாரம் பாயாது என்பதையும் நினைவில் வையுங்கள். கூடு தரையிணைப்பாகவும் வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரு திருகின் அடிப்பரப்பை அனோடைஸ் செய்யாமல் விட்டு, மின்சாரம் கடத்தும் குரோமேட் மாற்றுப் பூச்சு கேட்க வேண்டும். துண்டைத் தொங்கவிட்ட கம்பி தொட்ட இடத்தில் ஒரு புள்ளி கட்டாயம் இருக்கும். அது முகப்பில் வராமல் இருக்க, தொடக்கூடிய இடத்தை நீங்களே டிராயிங்கில் காட்டுங்கள்.

யாரிடம் கேட்பது

ஒரே டிராயிங்கை நான்கைந்து பேருக்கு அனுப்பி, 5, 50, 200 என்று மூன்று எண்ணிக்கைக்கும் விலை கேளுங்கள். 5-க்கும் 200-க்கும் இடையே விலை எப்படி இறங்குகிறது என்பதில் புரோகிராமுக்கும் பிடிமானத்துக்கும் அவர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். விலையைவிட முக்கியமானது, யார் திருப்பிக் கேள்வி கேட்கிறார் என்பது. "22 எச்7 பூச்சுக்கு முன்னா, பின்னா?" என்று கேட்பவர் டிராயிங்கைப் படித்திருக்கிறார். பத்து நிமிடத்தில் விலை மட்டும் அனுப்புபவர் படிக்கவில்லை. மிகக் குறைந்த விலை பெரும்பாலும் இரண்டாமவரிடமிருந்தே வரும்.

தொழிற்சாலையா, இடைத்தரகரா என்று சிலர் துப்பறியக் கிளம்புவார்கள். வணிக உரிமத்தில் 18 இலக்க ஒருங்கிணைந்த எண் இருக்கும். சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அதைப் போட்டால் பெயர், முகவரி, தொடங்கிய ஆண்டு, உற்பத்தியா விற்பனையா என்ற தொழில் வரம்பு எல்லாம் வந்துவிடும். பார்ப்பது நல்லதே. ஆனால் ஆங்கிலம் தெரிந்த, அளக்கத் தெரிந்த ஒரு தரகர், மூன்று இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையைவிட இந்த அளவு ஆர்டருக்குப் பயன்படுவார். மில்லிங், பூச்சு, பொதி என்று மூன்று இடத்துக்கு அவர்தான் அலைகிறார். பணம் போகும் கணக்கின் பெயரும் உரிமத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதை மட்டும் விடாமல் பாருங்கள். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று நடுவில் மின்னஞ்சல் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்யாமல் ஒரு டாலர்கூட அனுப்பக் கூடாது.

சாம்பிளுக்கு முழுப்பணம் முன்னால், மொத்த ஆர்டருக்கு 30% முன்னால், 70% அளவறிக்கை பார்த்தபின் அனுப்பும்முன் என்பது வழக்கமான பேச்சு. வங்கியில் அனுப்பும்போது கட்டணம் எல்லாம் நம் பக்கம் என்று குறிப்பிடாவிட்டால், இடை வங்கி பிடித்துக்கொண்டது போக மீதிதான் சேரும். அந்தச் சில டாலருக்காகச் சரக்கு நிற்கும். சரக்கு வந்தபின் அந்தப் பணத்துக்கு எதிராக இறக்குமதிப் பட்டியல் (சுங்கத்தில் தாக்கலாகும் பில் ஆஃப் என்ட்ரி) வங்கியின் ஐடிபிஎம்எஸ் கணக்கில், அதாவது இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ஏற்பாட்டில், முடிக்கப்பட்டதா என்று பாருங்கள். முடிக்காமல் விட்டால் அடுத்த முறை பணம் அனுப்பும்போது வங்கி கையை விரிக்கும்.

முதல் ஐந்து

200-ஐயும் ஒரே மூச்சில் ஓட்டவிடாதீர்கள். முதலில் ஐந்து, அதுவும் மொத்த ஆர்டருக்கான அதே பிடிமானத்தில், அதே புரோகிராமில், பூச்சோடு. சாம்பிளைப் பட்டறையின் கெட்டிக்காரர் பகலில் செய்வார், மொத்தத்தை இரவு ஷிஃப்ட் செய்யும் என்பதால்தான் இந்த நிபந்தனை. டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் வட்டமிட்டு எண் போட்டு அனுப்பினால், அறிக்கையும் அதே எண் வரிசையில் வரும். எல்லா வரியிலும் அளவு இம்மியும் பிசகாமல் மையத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான உலோகம் அப்படி நடந்துகொள்ளாது.

இங்கே வந்ததும் நீங்களும் அளக்க வேண்டும். எச்7-ஐ வெர்னியரில் அளக்க முடியாது. 22 எச்7-க்கு ஒரு முனை துளைக்குள் போக வேண்டிய, மறுமுனை போகக் கூடாத கோ, நோ-கோ பிளக் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே போல எம்3-6எச் மரைக்கு ஒரு மரைக் கேஜ். சரக்கைத் திருப்பி அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. வெயிலையும் கணக்கில் எடுங்கள். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 35 டிகிரியில் கிடக்கும் 120 மி.மீ. அலுமினியம் ஏறத்தாழ 0.042 மி.மீ. நீண்டிருக்கும்; எஃகு அளவுகோலும் கூடவே நீளும், ஆனால் அதில் பாதிதான். ±0.02 கேட்ட மைய தூரத்தை மதிய வெயிலில் அளந்துவிட்டு டோங்குவானோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை.

மொத்தச் சரக்கில் பேரிங் இருக்கை 200-க்கு 200 கேஜ் போட்டுப் பார்க்க வேண்டியது. மற்றவற்றுக்கு ஐஎஸ்ஓ 2859-1 பொதுநிலை 2-இன்படி 200-க்கு 32 துண்டு, ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பழுது எல்லை) 2.5 என்றால் 2 பழுதுவரை ஏற்கலாம், 3 என்றால் முழுச் சரக்கும் நிற்கும். இதை ஆர்டரிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், சரக்கு வந்தபின் சொன்னால் எடுபடாது.

பொதியும் ஆர்டரில் எழுத வேண்டியதே. துண்டுக்கு ஒரு நுரைப் பை, அட்டைப்பெட்டிக்கு 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். பூச்சில்லாத பாகமென்றால் குளிர்விப்பு எண்ணெயைக் கழுவி உலர்த்திய பிறகே கட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு கட்டியது கப்பலில் வந்தால் வெள்ளைக் கறை பிடித்திருக்கும்.

9 டாலர் 12.30 ஆவது

கூடு ஒன்று 9 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 200-க்கு 1,800 டாலர், அங்கே ஏற்றும்வரை. துண்டு 300 கிராம் என்றால் சரக்கு 60 கிலோ. விமானக் கட்டணம் 420 டாலர் என்று கொள்வோம். சுங்க மதிப்புக்கு விமானக் கட்டணம் சரக்கு மதிப்பில் 20%-க்கு மேல் சேராது என்பதால் 360 மட்டும் கணக்கில் வரும். காப்பீட்டுக்குத் தனி ரசீது இல்லையென்றால் 1.125%, அதாவது 20.25. மொத்த மதிப்பு 2,180.25. அடிப்படைச் சுங்கவரி 10% என்று எடுத்தால் 218. அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி அந்த வரியில் 10%, 21.80. இவை சேர்ந்த தொகைமேல் ஐஜிஎஸ்டி 18%, ஏறத்தாழ 435.60. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இந்தக் கடைசித் தொகை உள்ளீட்டு வரவாகத் திரும்பும். காப்பீடு வரிக்கணக்குக்காக மட்டும் சேர்த்தது; சரக்கு விலை, விமானக் கட்டணம் 420, முதல் இரண்டு வரி ஆகியவற்றைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் துண்டு 12.30 டாலர். சுங்க முகவர் கூலியும் வங்கிக் கட்டணமும் இதில் இல்லை.

வரி வீதம் பொருளுக்கான சுங்கக் குறியீட்டைப் பொறுத்தது. அலுமினியம் என்பதாலேயே 7616 என்று போட்டுவிடுவது அனுப்புபவர்களின் பழக்கம். இயந்திரத்தின் பாகமாக மட்டுமே பயன்படும் பொருள் 76-ஆம் அத்தியாயத்திலிருந்து வெளியேறி இயந்திர அத்தியாயங்களுக்குப் போய்விடும். நம் கூடு அப்படிப்பட்டது. டிராயிங்கை முகவரிடம் காட்டி, சரக்கு கிளம்பும்முன் குறியீட்டை முடிவுசெய்து, பில்லில் அதையே எழுதச் சொல்லுங்கள். "வரியோடு வீடுவரை" என்று கூரியர்காரர் ஆசைகாட்டும் வழியில் மதிப்பைக் குறைத்து வேறொருவர் பெயரில் இறக்குவது நடக்கும். இறக்குமதிப் பட்டியல் உங்கள் பெயரில் இருக்காது, ஐஜிஎஸ்டி வரவும் கிடைக்காது, வங்கிக் கணக்கும் முடியாது. ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்வோருக்கான எண்) எடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையல்ல.

பழுது வந்தால் சீனாவுக்குத் திருப்பி அனுப்புவது காகித அளவிலேயே சாத்தியம். நடைமுறையில் கிடைப்பது மறுபடி செய்து தருவது, அல்லது அடுத்த ஆர்டரில் கழிவு. அதற்கும் டிராயிங் எண், கேஜ் உள்ளே நிற்கும் படம், எத்தனை துண்டு என்ற கணக்கு மூன்றும் வேண்டும். "தரம் சரியில்லை" என்ற கடிதத்துக்குப் பதிலாக ஒரு மன்னிப்பு மட்டும் வரும். 200 வேண்டியவர் 208 சொல்லிவிடுவது இதனால்தான்.

இரண்டாம் ஆர்டர் போடும்போது அதே பட்டறையிலேயே செய்கிறார்களா என்று கேளுங்கள். தரகர் இடம் மாற்றியிருந்தால் முதல் ஐந்து மறுபடி வேண்டும். டிராயிங்கில் ஓர் அளவு மாறினாலும் பதிப்பைக் காட்டும் திருத்த எழுத்தை ஏற்றி, பழையதை அழிக்கச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புக்கொண்ட துண்டுகளில் ஒன்று உங்களிடமும் ஒன்று அவரிடமும் தேதியிட்டு உறையில் இருக்கட்டும். கறுப்பில் எது சரியான கறுப்பு என்பதை வேறு எதாலும் தீர்க்க முடியாது. சீனப் புத்தாண்டு சனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே வரும். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் எல்லாரும் அவசரப்படுவார்கள், பிந்தைய சில வாரத்தில் இயந்திரத்தின் முன் புது முகங்கள் நிற்கும். பொங்கலுக்குள் சரக்கு கையில் இருக்க வேண்டுமென்றால் தீபாவளியோடு டிராயிங் போய்விட வேண்டும்.